சனிக்கிழமைகளில் காணாமல் போகும் இசட்

சனிக்கிழமை காலையில் வளவனின் போன் அடித்தால் எடுத்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம், ஸ்ரீரங்கத்திலிருந்து லூர்துராணி அக்கா. எடுத்தால் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

"தம்பி, இசட்டைக் காணோம்."

வீட்டில் வளர்த்த ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது போலச் சொல்வார். வளவனும் மூன்று மாதமாக அந்த ஆட்டுக்குட்டியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான்.

வடக்கு அடையவளஞ்சான் வீதியில் ரங்கநாயகி மாமி நடத்தும் வரன் தகவல் மையத்தில் முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர், உள்ளறையில் சர்வர் என்கிற, மானிட்டர் இல்லாத கறுப்புப் பெட்டி ஒன்று. பையன்களின் ஜாதகம், பெண்களின் ஜாதகம், போட்டோ, அப்பா அம்மா போன் நம்பர், யார் யாரைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு "வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம்" என்று யார் கம்பி நீட்டினார்கள் என்கிற அத்தனை விவகாரமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. காலையில் முன்னறைக் கம்ப்யூட்டரைப் போட்டு, பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போனதும், பெட்டியிலிருக்கும் பொது ஃபோல்டர் தானாக வந்து 'இசட்' என்ற பெயரில் திரையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். யாரும் தேட வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம். அதற்கான சின்ன ஸ்கிரிப்டை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகளை, எழுதி வைத்தவன் வளவன். எழுதிய அன்று, "கண்ணைத் திறந்தா சூரியன் நிக்கிற மாதிரி நிக்கும் மாமி" என்று வசனம் வேறு பேசியிருந்தான்.

அந்தச் சூரியன் வாரத்தில் ஐந்து நாள் ஒழுங்காக உதித்தது. செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள் என்பதால் மையத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை மட்டும் கிரகணம்.

அதுவும் கூட்டம் அள்ளுகிற சனிக்கிழமை. பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே ஒரு வரனையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சுற்றுவட்டாரத்துப் பெற்றோர்கள் வருகிற நாள். அவர்கள் வருவதற்குள் அந்த வாரத்துப் புது வரன்களின் பட்டியலை அச்செடுத்து அடுக்கி வைப்பது லூர்துராணியின் வேலை. பாலக்கரையிலிருந்து பத்தொன்பது வருடமாக வந்து போகிறவர். முன்பெல்லாம் பட்டியல் அவருடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தது. "எல்லாம் ஒரே இடத்துல இருந்தாத்தான்க்கா பாதுகாப்பு" என்று சொல்லி அதையும் பெட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டவனும் வளவன்தான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பதற்கு என்றே சிலர் சர்வீஸ் தொழிலுக்கு வருகிறார்கள்.

போன் உரையாடலும் வாராவாரம் ஒன்றேதான்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களாக்கா?"

"ரெண்டு தடவை பண்ணியாச்சு."

"உள்ள பெட்டிக்கிட்ட பச்சை லைட் எரியுதான்னு பாருங்க."

லூர்துராணி எழுந்துபோய் உள்ளறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். பெருமாள் படமும் விளக்கும் இருக்கும் அறை. காலை வேளையில் மாமி தவிர யாரும் உள்ளே போவதில்லை.

"எரியுது தம்பி. எனக்கும் எரியுது, வயிறு."

அப்புறம் வளவன் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருக்கும் தன் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை இழுத்துச் சாத்திவிட்டு, காவிரிப் பாலத்தில் வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து, கோயிலுக்கு வந்த கார்களைச் சுற்றிக்கொண்டு, பைக்கை நிறுத்த இடம் கிடைக்காமல் யார் வீட்டுக் கோலத்திலோ நிறுத்தித் திட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைவான். நுழையும்போது முன்னறையில் சந்தைக் கடை மாதிரி கூட்டம் நிற்கும். லூர்துராணியின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்வான். பாஸ்வேர்டைக் கொடுத்த மறுநொடி, ஒன்றுமே நடக்காததுபோல இசட் வந்து நிற்கும்.

"பார், கை வெச்சதும் வந்துடுத்து" என்பார் மாமி. "உனக்குக் கைராசிப்பா."

சர்வீஸ்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நோய் என்ன என்று தெரியாமல், வாசலில் வந்து நின்றே குணப்படுத்துகிற டாக்டரை ஊர் கும்பிடலாம். அந்த டாக்டருக்கு ராத்திரி தூக்கம் வராது.

அவன் சும்மாவும் இருக்கவில்லை. கேபிளை மாற்றினான். சனிக்கிழமை மட்டும் பழுதாகிற கேபிளை உலகத்தில் எந்தக் கம்பெனியும் தயாரிப்பதில்லை என்று தெரிந்தே மாற்றினான். சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டை அழித்து மறுபடி எழுதினான். நெட்வொர்க் தயாராகும்வரை லாகினைக் காக்க வைக்கிற அமைப்பைப் போட்டான். ஒரு தடவை கேட்டுக் கிடைக்காவிட்டால் இன்னும் பத்துத் தடவை கேட்கும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினான். கடைசியில் இணையத்தில் ஒரு மன்றத்தில் போய் விவரமாக எழுதிக் கேட்டான். யாரோ முகம் தெரியாத ஒருவன், "முதலில் சர்வர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று பதில் போட்டிருந்தான். வளவனுக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து வருடமாகத் தொழில் செய்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று பதிலே போடாமல் விட்டுவிட்டான்.

லால்குடியில் அவன் அம்மா, "சனிக்கிழமைதானே பண்ணுது, எள் விளக்கு ஒண்ணு போட்டுட்டு வாயேன்டா" என்றார். விஞ்ஞானத்தில் நம்பிக்கையுள்ள வளவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் போன வாரத்துக்கு முந்தின வாரம் போட்டுவிட்டு வந்தான். இசட் அதற்கும் மசியவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் லூர்துராணி போன் செய்தார். சனிக்கிழமை அல்லாத நாளில் அவர் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"தம்பி, நாளைக்கு சம்பத் சார் மெட்ராஸ்லேர்ந்து வராராம்."

சம்பத் மாமியின் அண்ணன் மகன். சென்னையில் ஏதோ பெரிய கம்பெனியில் இருக்கிறவன். அத்தைக்கு வயதாகிறதே என்று மையத்தின் நல்லது கெட்டதைத் தூர இருந்தே பார்த்துக்கொள்கிறவன்.

"வரட்டுமேக்கா."

"நேர்ல நின்னு பாக்கப் போறாராம். நாளைக்கும் பத்தரைக்கு லிஸ்ட் கையில இல்லன்னா, திங்கக்கிழமையிலேர்ந்து நான் வர வேண்டாமாம். கம்ப்யூட்டர் நல்லாத் தெரிஞ்ச ஒரு பொண்ணைப் பாத்து வரச் சொல்லிட்டாராம்."

"மாமி என்னக்கா சொன்னாங்க?"

"அவங்க என்ன சொல்லுவாங்க. மிஷின் சமாச்சாரம், அவனுக்குத்தான் தெரியும்னுட்டாங்க."

"உங்க மேல என்ன தப்பு இதுல?"

"கேக்குறீங்களே தம்பி. என் கை பட்டா மறையுதாம். உங்க கை பட்டா வருதாம். அப்ப யார் கையில தப்பு?" லூர்துராணி சிரித்தார். "அம்பத்திரண்டு வயசுல போய் எந்த வாசல்ல நின்னு வேலை கேக்குறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். சரி, அதை விடுங்க. நாளைக்கு எப்படியும் கூப்பிடுவேன், போனை எடுத்துருங்க."

கைராசிக்காரன் போனை வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டான். இத்தனை வாரமும் மாமி அவனைப் புகழப் புகழ, அந்தப் புகழ் முழுவதும் ஒரு மனுஷியின் பெயரில் பற்று எழுதப்பட்டு வந்திருக்கிறது. அது கூடத் தெரியாமல் காபி வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறான்.

மறுநாள் லூர்துராணி கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவர் வந்து பூட்டைத் திறக்கும்போதே வளவன் வாசலில் நின்றான்.

"என்ன தம்பி, கோயிலுக்கா?"

"உங்க இசட்டைப் பார்க்கத்தான்க்கா. எந்த நேரத்துல கிளம்பி எங்க போகுதுன்னு கூடவே இருந்து பார்த்துடறேன்."

கொஞ்ச நேரத்தில் மாமி பெருமாளைச் சேவித்துவிட்டுக் கையில் துளசியோடு வந்தார். "கைராசிக்காரன் கார்த்தாலயே வந்துட்டானே, இன்னிக்கு எல்லாம் நன்னா நடக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய் விளக்கேற்றினார். லூர்துராணி தன் கம்ப்யூட்டரைப் போட்டார். பாஸ்வேர்டைத் தட்டினார். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்தது. வளவனின் ஸ்கிரிப்ட் ஒரு தடவை கேட்டது. இன்னொரு தடவை கேட்டது. வீட்டில் ஆளில்லை என்று தெரிந்தும் அழைப்பு மணியை அழுத்துகிற சொந்தக்காரன் மாதிரி பத்துத் தடவையும் கேட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. இசட் இல்லை.

"பார்த்தீங்களா" என்றார் லூர்துராணி. அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி கூட இருந்தது. ஒரு சாட்சியாவது கிடைத்தாயிற்று.

வளவன் உட்கார்ந்து பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. கேபிளைத் தொட்டான், நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டான், அது உடனே பதில் சொன்னது. பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. அவன் எழுந்துபோய் உள்ளறை வாசலில் நின்றான்.

"மாமி, உள்ள வரலாமா?"

"வாயேன். யார் வேண்டாம்னா?"

மூன்று மாதத்தில் அந்த நேரத்தில் அவன் அந்த அறைக்குள் நுழைவது அதுவே முதல் முறை. விளக்குக்குக் கீழே மேஜை. மேஜைக்கு அடியில் யுபிஎஸ், அதில் பச்சை லைட் குளிர்ச்சியாக எரிந்தது. யுபிஎஸ்ஸை ஒட்டிக் கறுப்புப் பெட்டி. அதில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. காதை வைத்தான். விசிறிச் சத்தம் இல்லை. தொட்டான். கல்லாகக் கிடந்தது.

"மாமி, பெட்டி ஆஃப்ல இருக்கு."

"ஆமாம்."

"ஏன் ஆஃப்ல இருக்கு?"

"இன்னிக்கு சனிக்கிழமைன்னா?" மாமி அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். ராகு காலத்துல யாராவது ஜாதகத்தைத் திறப்பாளா? அத்தனை கொழந்தைகளோட ஜாதகமும் அதுக்குள்ளதானே இருக்கு."

"அப்ப யார் இதை ஆன் பண்றது?" என்றான் வளவன்.

"தினமும் நான்தான் ஆன் பண்றேன். சனிக்கிழமை மட்டும் பத்தரை அடிச்சதும் பெருமாளை நெனச்சுண்டு பண்ணுவேன். காகிதமா வெச்சிருந்த காலத்துலயும் பீரோவைப் பத்தரைக்குத்தான் திறப்பேன். நீதானேப்பா இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வெச்ச அன்னிக்குச் சொன்னே, மாமி இனிமே இதுதான் உங்க பீரோன்னு."

சொன்னான். அதையும் அவன்தான் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே கேட்டு நடந்த ஒரே வாடிக்கையாளர் அவனுடைய பதினைந்து வருடத் தொழிலில் மாமி ஒருவர்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமி."

"நீ எங்க கேட்டே? லைட் எரியறதான்னு ராணியைக் கேட்டே, அவ எரியறதுன்னா. ராகு காலத்துல பீரோ திறக்கப்படாதுன்னு லால்குடியில உனக்குச் சொல்லித் தரலையா?" மாமி கொஞ்சம் யோசித்தார். "ஆனா பத்தரைக்கு நான் போட்டப்பறமும் வரலை வரலைன்னுதானே ராணி கத்தறா. அதனாலதான் இது வேற ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

வேறு கோளாறு இல்லை. லாகின் ஆகிற நேரத்தில் மட்டும் போய்த் தேடுகிற ஸ்கிரிப்ட். அப்போது பெட்டி தூங்குகிறது. பெட்டி விழிக்கும்போது ஸ்கிரிப்ட் வீட்டுக்குப் போய்விட்டது. கூட்டம் வந்து நிற்கும், அக்காவுக்கு மறுபடி ரீஸ்டார்ட் செய்ய நேரமிருக்காது. வளவன் வந்து ரீஸ்டார்ட் செய்வான். அவன் பாலத்தைத் தாண்டி வருவதற்கும் ராகு காலம் முடிவதற்கும் சரியாக இருக்கும். இவ்வளவுதான் கைராசி.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லூர்துராணி மெதுவாகச் சொன்னார். "அப்ப மூணு மாசமா எரிஞ்சது வேற லைட்டா."

"யுபிஎஸ் லைட்டுக்கா."

"ரெண்டுல எதுன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா தம்பி?"

மன்றத்தில் பதில் போட்ட அந்த முகம் தெரியாதவன் மட்டும் எங்கேயோ உட்கார்ந்து சிரிப்பது போலிருந்தது.

மணியைப் பார்த்தான். பத்தரைக்கு இன்னும் நேரமிருந்தது. "மாமி, இப்ப ஆன் பண்ணிடறேன். ஜாதகத்தைத் தொடவே வேண்டாம். லிஸ்ட்டை மட்டும் வெளிய எடுத்துட்டு மூடிடலாம்."

"பண்ணப்படாது."

"சம்பத் சார் வரும்போது லிஸ்ட் இல்லன்னா அக்காவுக்கு வேலை போயிடும் மாமி."

மாமியின் முகம் மாறியது. லூர்துராணியைப் பார்த்தார். பெருமாளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நேக்குத் தெரியறதுப்பா. ஆனா ஊரார் வீட்டுக் கொழந்தைகளோட வாழ்க்கை இது. நாளைக்கு எங்கேயாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அன்னிக்கு அவசரப்பட்டு ராகு காலத்துல திறந்தேனேன்னுதான் நேக்குத் தோணிண்டே இருக்கும். சாகிற வரைக்கும் தோணும்."

இதற்கு மேல் வாதாட வளவனால் முடியவில்லை. எள் விளக்குப் போட்டவன் எந்த வாயால் வாதாடுவது?

"வெள்ளிக்கிழமை ராத்திரியே போட்டு வெச்சுட்டா?"

"ராத்திரி பூரா ஓடணுமா? அதுக்கும் ஓய்வு வேண்டாமா?"

"ஒம்பது மணிக்கு முன்னாடி?"

"சனிக்கிழமை சேவிச்சுட்டு வரவே நாழியாயிடறதே. கோயில்ல கூட்டம் எப்படி இருக்குன்னு நோக்குத் தெரியாதா?"

வளவன் முன்னறைக்கு வந்து லூர்துராணியின் நாற்காலியில் உட்கார்ந்தான். மாமியை மாற்ற முடியாது, ராகுவை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஸ்கிரிப்ட் ஒன்றுதான். அவன் கீபோர்டை இழுத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன பண்ணப் போறே? ராகு காலத்துல புதுசா ஒண்ணையும் ஆரம்பிக்காதே."

வளவன் திரும்பினான். பொறுமை நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்தே ஒரு யோசனையும் வந்தது. "புதுசு இல்ல மாமி. மூணு மாசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச வேலை. நல்ல நேரம் பார்த்து நீங்கதான் ஆரம்பிச்சு வெச்சீங்க. இன்னும் முடிக்கல, அவ்வளவுதான்."

மாமி இதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். "ஆரம்பிச்சதைத் தொடர்ந்து பண்றதுன்னா தோஷமில்லை" என்று தீர்ப்பு வந்தது. "பெட்டியை மட்டும் தொடாதே."

அவன் எழுத ஆரம்பித்தான். இல்லை, தொடர்ந்தான். லாகினோடு நின்றுவிடாமல், ஃபோல்டர் கிடைக்கும்வரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்கிரிப்ட் போய்க் கதவைத் தட்ட வேண்டும். பெட்டி எப்போது விழித்தாலும், யாரும் ரீஸ்டார்ட் செய்யாமல், இசட் தானாக வந்து உட்கார வேண்டும். வரன் பட்டியலுக்குத் தனியாக ஒரு ஃபோல்டர், அது இனிமேல் லூர்துராணியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவருக்கு எந்தக் கிரகமும் குறுக்கே நிற்காது. இந்தச் சனிக்கிழமைக்குத்தான் வழியில்லை. பட்டியல் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

எழுதியது முதல் தடவை ஓடவில்லை. இரண்டாம் தடவை ஓடி, உடனே செத்தது. மூன்று மாதமாக ஆறப்போட்டிருந்த வேலை அரை மணியில் அவசரம் காட்டினால் அப்படித்தான். லூர்துராணி பின்னால் நின்றுகொண்டு பிரிண்டரில் காகிதத்தை அடுக்கினார், எடுத்தார், தட்டி மறுபடி அடுக்கினார். வெளியே செருப்புச் சத்தம் பெருகியது. ஆட்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள்.

சம்பத் சின்னச் சூட்கேஸை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பெஞ்சில் இடமில்லை.

"என்ன அத்தை, லிஸ்ட் ரெடியா?"

மாமி கடிகாரத்தைப் பார்த்தார். சம்பத் திரையைப் பார்த்தான், காலி பிரிண்டர் தட்டைப் பார்த்தான், லூர்துராணியைப் பார்த்தான். "நான் சொன்னேனா இல்லையா" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

லூர்துராணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக நின்றார். அவருடைய கைப்பை, டிபன் பாத்திரத்தோடு, ஏற்கெனவே மேஜை மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்ததை வளவன் அப்போதுதான் கவனித்தான்.

சுவர்க்கடிகாரம் பத்தரையைத் தொட்டது. மாமி உள்ளே போனார். கைகூப்புகிற அளவு நேரம் போயிற்று. பிறகு ஒரு 'டிக்'. அப்புறம் விசிறிச் சத்தம்.

பெட்டி எழுந்து முகம் கழுவி உட்காருவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் வளவன் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. வேண்டுமென்றே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். நிமிஷம் போயிற்று. ஸ்கிரிப்ட் தட்டியது, கதவு திறக்கவில்லை. சம்பத் பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தான். அடுத்த நிமிஷமும் போயிற்று. மறுபடி தட்டியது.

இசட் வந்தது. யாரும் கேட்காமல், யாரும் தொடாமல், திரையின் ஓரத்தில் சாதுவாக வந்து உட்கார்ந்தது.

"வந்துருச்சு" என்றார் லூர்துராணி. அவன் தோளுக்கு மேல் கையை நீட்டி அவரே பட்டியலைத் திறந்து பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் இருமிக்கொண்டு முதல் பக்கத்தைத் துப்பியது.

சம்பத் போனை இறக்கினான். "யாரும் ஒண்ணும் பண்ணலியே. எப்படி வந்தது? இத்தனை நாள் என்ன ப்ராப்ளம்?"

வளவன் உள்ளறை வாசலில் நின்ற மாமியைப் பார்த்தான். ராகு காலக் கதையைச் சொன்னால் சம்பத் சிரிப்பான். கூட்டத்துக்கு முன்னால் சிரிப்பான். அப்புறம் சென்னையில் ஒவ்வொரு விசேஷத்திலும் சாப்பாட்டுப் பந்தியில் சொல்லிச் சிரிப்பான்.

"என் தப்புதான் சார். பெட்டி எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே கதவைத் தட்டிட்டு, ஆள் இல்லன்னு திரும்பிப் போற மாதிரி எழுதி வெச்சிருந்தேன். அக்கா மேல ஒண்ணும் இல்ல. அவங்க இடத்துல யார் உட்கார்ந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

"மூணு மாசமாவா?"

"மூணு மாசமா."

"இதுக்கா உங்களுக்கு வருஷ கான்ட்ராக்ட்?"

"எனக்கும் அதான் சார் புரியல."

"டேய் சம்பத்" என்றார் மாமி. அறைவாசலை விட்டு இரண்டடி முன்னால் வந்திருந்தார். "அவன் பாதிதான் சொல்றான். பாக்கிப் பாதி நான். சனிக்கிழமை ராகு காலம் முடியற வரைக்கும் பெட்டியை நான்தான் போடறதில்லை. அதனாலதான்னு தெரியாம நாம ரெண்டு பேருமா சேர்ந்து ராணி தலையில பழியைப் போட்டுண்டிருந்தோம்."

சம்பத் வாயைத் திறந்தான். "அத்தை, இந்தக் காலத்துல கம்ப்யூட்டருக்குப் போய் ராகு காலம்…"

அவனால் முடிக்க முடியவில்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் அப்பா, தொட்டியத்திலிருந்து வந்தவர், மரியாதையாக எழுந்து நின்றார். "அம்மா செஞ்சது சரிதானுங்களே. நாங்களே முன்னாடியே வந்துட்டோம். பத்தரை நெருங்கட்டும்னுதான் இவ்வளவு நேரம் டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தோம்."

பெஞ்சு முழுவதும் தலையாட்டியது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அதே கணக்கில்தான் பத்தரையை ஒட்டி வந்திருந்தார்கள். ராகு காலத்தை நம்பாத ஒரே ஆள் சம்பத்தான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றான். "திங்கக்கிழமை வரச் சொல்லிட்டேனே."

"வர வேண்டாம்னு சொல்லு. இப்பவே சொல்லிடு. அதான் ராகு காலம் முடிஞ்சுடுத்தே."

சம்பத் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். மாமி மேஜை மேலிருந்த லூர்துராணியின் கைப்பையை எடுத்து, அது எப்போதும் தொங்குகிற ஆணியில் தானே கொண்டுபோய் மாட்டினார்.

வளவன் இன்னும் கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். பட்டியல் முழுவதும் அச்சாகிவிட்டதா என்று பார்த்தான். புது ஃபோல்டருக்கு அதன் பிரதியை மாற்றினான். தன் கையால் இன்னும் ஏதாவது செய்ய முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தான்.

லூர்துராணி சூடாக இருந்த காகிதக் கற்றையைத் தட்டி நேராக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, எழுந்திருங்க. இது என் சீட்டு. பார்ட்டியெல்லாம் நிக்கிறாங்க பாருங்க."